சோப்பு டப்பாவில் ஒரு ஓடு

துடியலூர் வீட்டைக் காலி செய்வதற்காகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். பரண் மேலிருந்து ஒரு பழைய சோப்பு டப்பா விழுந்தது. உள்ளே கறுப்பும் சிவப்புமாய் ஒரு பானை ஓடு. அதில் கூட்டல் குறி போல ஒரு கீறல்.

"இது ஏதுங்கம்மா?" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

1983 கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. சென்னிமலைப் பக்கம் இருந்த அம்முச்சி வீட்டிலிருந்து, கொடுமணலுக்கு ஒரு விருந்துக்குப் போயிருந்தோம். முந்தின நாள் மழை. நொய்யல் கரைக் காட்டில் ஊர்ப் பிள்ளைகள் மணி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மணி கிடைக்கவில்லை, இந்த ஓடுதான் கிடைத்தது. "செத்தவங்க பானை கண்ணு, ஊட்டுக்குக் கொண்டாராத" என்றார் அம்முச்சி. பாவாடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்துவிட்டேன்.

1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது. அந்தச் சின்ன ஊர், பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் என்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், துளை போட்டு முடிக்காத மணிகள், சங்கு வளையல் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. சேர நாட்டுத் துறைமுகத்திலிருந்து கரூருக்குப் போன பெருவழியில் இருந்த ஊர். பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது. சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்தது. நம்ம வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் கிடைத்ததும் இந்த வியாபாரத்தால்தான். எனக்குப் பிடித்தது பானை ஓடுகளில் எழுதிய பேர்கள். 'கண்ணன் ஆதன்' என்று ஒருவர் கீறி வைத்திருக்கிறார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற பழக்கம் நமக்கு எவர்சில்வரோடு வந்ததல்ல!

தமிழி எழுத்தில் கூட்டல் குறி போட்டால் அது 'க'. என் ஓட்டில் இருப்பது ஒருவர் பேரின் முதல் எழுத்தா, குயவர் போட்ட குறியா? குழியில் எடுத்த ஓடென்றால் எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று குறித்திருப்பார்கள். அந்த மண்ணடுக்கில் கிடைத்த கரியை வைத்துக் காலம் சொல்லியிருப்பார்கள். மீதி ஓடுகளை ஒட்டிப் பார்த்திருக்கலாம். நான் எடுத்தது யார் காடு, எந்த மூலை? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், விருந்தில் போட்ட ஒப்பிட்டுதான் ஞாபகம் வருகிறது. திரும்பக் கொண்டுபோய்ப் போடவும் இடம் தெரியாது.

அடுத்த வாரம் தொல்லியல் துறையில் ஒப்படைக்கலாம் என்றாள் மகள். துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவுக்குள் வைத்தாள்: "கொடுமணல். 1983, மழைக்கு மறுநாள். காடு எதுவென்று அம்மாவுக்கு ஞாபகமில்லை."