பூட்டாங்கயிறு

2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் அமெரிக்கா சென்றது அக்காவின் தூதுவர்களாக. டெட்ராய்ட் அருகே பொறியாளராக இருக்கும் அவரது ஒரே மகன், பழைய மாஸ்டா மியாட்டா ஒன்றை வாங்கிப் பந்தயத் தடத்தில் ஓட்டத் தொடங்கியிருந்தான். "எதையாவது சொல்லி நிறுத்திட்டு வாங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்று விமான நிலையத்தில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எங்களில் ஒருவருக்குத் தமிழும் மற்றவருக்கு இயற்பியலும் பிழைப்பு. தூது போனவர்கள் நம் இலக்கியத்தில் ஏராளம். போன காரியத்தை முடித்துத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

மியாட்டா 1989இல் அறிமுகமான கார். இரண்டே இருக்கைகள், மடக்கித் திறக்கும் துணிக்கூரை. உள்ளே அமர்ந்தால் கையை நீட்டித் தரையைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. அதன் அருகே ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் சிவப்பு நிறப் பட்டைகள். நான்குமுனை ஹார்னெஸ் என்றான். காரோடு வந்த சீட் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டப்போகிறானாம். "மூணு எடத்துல புடிக்கறதைவிட நாலு எடத்துல புடிச்சா நல்லதுதானே மாமா?"

கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஹார்னெஸ் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் ஏதேனும் உண்டா என்று யோசித்தபோது, வண்டி மாட்டை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு நினைவுக்கு வந்தது. அதைக் கட்டத் தெரியாதவன் கட்டினால் மாட்டுக்குக் கழுத்து புண்ணாகும்.

அன்றிரவு எங்களுக்கு நேர மாற்றத்தால் தூக்கம் வரவில்லை. கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை படித்தோம். எங்களில் இயற்பியல் கற்றவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றுபோனால், உள்ளிருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல் சுமார் 16 மடங்கு விசை. தலையும் தலைக்கவசமும் சேர்ந்து ஆறு கிலோ என்றால், கழுத்து ஏறக்குறைய நூறு கிலோவைத் தாங்கவேண்டும். வழக்கமான சீட் பெல்ட் ஒரு தோளைத்தான் பிடிக்கிறது. உடல் சற்றுத் திரும்பி, முன்னால் நகர்ந்து கொடுக்கிறது. ஹார்னெஸ் இரு தோள்களையும் இருக்கையோடு இறுக்கிவிடும். தலை மட்டும் தனியே பறக்கப் பார்க்கும்.

வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் அமைத்துத் தந்த மும்முனைப் பட்டையின் பெருமை எங்களுக்கு அன்றுதான் விளங்கியது. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது அந்நிறுவனம். அதில் இருக்கும் தளர்வு குறையல்ல, அளந்து வைக்கப்பட்டது.

மறுநாள் மருமகனோடு வாதம் தொடங்கியது. தோள்பட்டைகளை எங்கே பிணைப்பாய் என்று கேட்டோம். இருக்கைக்குப் பின்னால், கீழே தளத்தில் என்றான். அப்படிச் செய்தால் மோதலின்போது பட்டைகள் தோளைக் கீழ்நோக்கி அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். கார் கவிழ்ந்தால்? சாதாரணப் பட்டையில் உடல் சாய்ந்துகொள்ளக் கொஞ்சம் இடமுண்டு. ஹார்னெஸ் ஆளை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும், மேலே இருப்பதோ துணி. அவன் பதில் சொல்லவில்லை.

பிறகு யோகன் ரிண்ட்டின் கதையைச் சொன்னோம். 1970 செப்டம்பரில் மோன்சா தடத்தில் பயிற்சியின்போது இறந்தவர். அவ்வாண்டின் ஃபார்முலா ஒன் பட்டம் இறந்தபின் அவருக்குக் கிடைத்தது. தீப்பிடித்தால் விரைந்து வெளியேற வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையை அவர் மாட்டுவதில்லை. மோதலில் உடல் கீழ்நோக்கி வழுக்கிப் போயிற்று. இடுப்பில் இருக்கவேண்டியது தொண்டையை அறுத்தது. நான்குமுனை ஹார்னெஸ்ஸிலும் ஆபத்து அதுவே: தோள்பட்டைகள் இழுக்கும்போது இடுப்புப் பட்டை எலும்பைவிட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். கீழே பிடித்திழுக்க ஐந்தாவதும் ஆறாவதும் வேண்டும்.

அன்று மாலை அவன் சொன்னதை இங்கே எழுதலாமா என்று யோசித்தோம். 2006இல் சங்ககிரி அருகே அவன் அப்பா காரில் போய்ச் சேர்ந்தார். காவல் நிலைய வளாகத்தில் நின்ற அந்தக் காரைப் பார்க்கப் போனபோது பத்து வயதுப் பையனான அவனும் எங்களோடு வந்தான். சீட் பெல்ட் இருக்கைக்குப் பின்னால் மடித்துச் செருகப்பட்டிருந்ததாம். நாங்கள் கவனிக்கவில்லை, அவன் கவனித்திருக்கிறான். "அந்தப் பெல்ட்டு புதுசு மாதிரியே இருந்துச்சு மாமா" என்றான். அதன்பிறகு 'ஓட்டாதே' என்ற சொல்லை எடுத்துப் போடும் துணிவு எங்களுக்கு வரவில்லை. தூது அந்த இடத்தில் தோற்றது என்று சொல்லலாம்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்காகப் பசு வாங்கிய சந்நியாசியின் கதைதான் அடுத்த மூன்று வாரங்களும். ஹார்னெஸ்ஸுக்காகத் தலைக்குப் பின்னே உருளைத்தடுப்புக் கம்பி. தோள்பட்டைகள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் போய்ப் பிணைவது அதன் குறுக்குக் கம்பியில். பட்டைகள் நுழைய மியாட்டாவின் சொந்த இருக்கையில் துளையில்லை. எனவே பந்தய இருக்கை. பக்கத்தில் அமரும் பயிற்றுநருக்கும் அதே ஏற்பாடு இருந்தாகவேண்டும் என்பது அவன் சேர்ந்திருந்த குழுவின் விதி, எனவே எல்லாம் இரண்டிரண்டு. பட்டைகளுக்கு ஆயுளும் உண்டு. பந்தயத் தரமுத்திரை பெற்றவற்றில் ஒரு வகைக்கு இரண்டு ஆண்டு, மற்றொன்றுக்கு ஐந்து ஆண்டு. பெட்டியிலிருந்த சிவப்புப் பட்டைகளில் முத்திரையே இல்லை. அவை குப்பைக்குப் போயின.

கழுத்துக்கு ஹான்ஸ் எனும் கருவி. தோளில் அமரும் கழுத்துப்பட்டி ஒன்று தலைக்கவசத்தைச் சிறு வார்களால் பிடித்து வைத்திருக்கும். மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் பந்தய ஓட்டுநரான ஜிம் டவுனிங்கும் 1980களில் உருவாக்கியது; இருவரும் மைத்துனர்கள். (மச்சான் உறவில் இப்படியும் நல்லது நடக்கிறது.) அதை அணிய ஓட்டுநர்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடி முறிந்து இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் தலை, கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன்னும்.

எங்களுக்குப் பிடித்தது துடைப்பச் சோதனை. கம்பியின் உச்சியிலிருந்து முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்குத் துடைப்பக் கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். தலைக்கவசம் அணிந்த தலை அதற்குக் கீழே இருக்கவேண்டும். மருமகன் உயரம். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றோம். கட்டை தலைக்கவசத்தில் தட்டியது. இருக்கைக்கு அடியிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி பார்த்ததில் இரண்டு விரல் இடைவெளி கிடைத்தது. பழைய சீட் பெல்ட்டை அவன் கழற்றவில்லை. சாலைக்கு அது, தடத்துக்கு இது. சாலையில் தலைக்கவசம் இராது என்பதால் கம்பிக்குக் கெட்டியான மெத்துறையும் சுற்றினோம்.

ஜூன் மாதக் கடைசியில் சவுத் ஹேவனிலுள்ள ஜிஞ்சர்மேன் தடத்துக்குக் கூட்டிப்போனான். முதலில் இடுப்புப் பட்டை, தாழ்வாக, எலும்பின் மேல். அதன்பிறகே தோள்கள். தலையைத் திருப்ப முடியாமல் அமர்ந்திருந்தவன், "அத்தை, இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றான். இழுத்த கை நடுங்கியது. "இன்னும்" என்றான்.

அன்றிரவு அக்கா தொலைபேசியில் வந்தார். நிறுத்திவிட்டானா என்று கேட்கவில்லை. எங்கள் குரலிலேயே தெரிந்திருக்கவேண்டும். "பெல்ட்டாவது போட்டுக்கறானா?" என்றார்.

"ஆறு போட்டுக்கறான்க்கா."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அங்கே முருங்கைக்காய் கிடைக்கிறதா என்று கேட்டார்.