'தம்' என்னும் சொல்

சித்தூரில் பலமனேர் சாலையோரம் லாரிப் பட்டறை நடத்தும் அந்த மெக்கானிக்கிடம் வருவோரில் பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் தெலுங்கர். மொகிலி மலைப்பாதையில் ஏறத் திணறிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது முன்னவர் 'தம் இல்லை' என்பர். பின்னவர் 'தம்மு லேது' என்பர். பாரசீகத்தில் மூச்சைக் குறித்த சொல் இரண்டு மொழிகளுக்கும் வந்து, பட்டறையில் எஞ்சினின் ஆற்றலைக் குறிக்கலாயிற்று.

அவருடைய மகள் திருப்பதியில் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவி. சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் ஆற்றலைக் கூட்டும் வழிகளே அவளது ஆய்வறிக்கையின் பொருள். விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இரவில் அதைத் தந்தைக்கு விளக்கினாள். தொடங்கியது ரேணிகுண்டாவிலிருந்து. அங்குள்ள விமான ஓடுபாதை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர். மே மாத நண்பகலில் வெப்பம் 42 பாகையைத் தொடும்போது காற்று விரிந்து, அதன் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. விமானத்தின் கணக்கில் அப்போது அந்த ஓடுபாதை 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். மேலே தெரியும் திருமலையின் உயரமே 850 மீட்டர் அளவுதான். எஞ்சினுக்கு மூச்சு குறைகிறது. சுழலிக்கும் சிறகுக்கும் பிடிமானம் குறைகிறது.

இழந்ததை மீட்க வழிகள் சிலவே. சுழற்சியைக் கூட்டலாம், ஆனால் 1.9 மீட்டர் விட்டமுள்ள சுழலி நிமிடத்துக்கு 2,700 முறை சுழலும்போதே அதன் நுனி வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தை எட்டிவிடுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இரைச்சல் மிகும், இழுவிசை குறையும். அமுக்க விகிதத்தை உயர்த்தலாம். லைகாமிங் ஓ-320 எஞ்சினில் விகிதம் 7 உள்ள வகை 150 குதிரைத்திறன் தருகிறது. அதே கொள்ளளவில் விகிதம் 8.5 ஆனால் 160. அந்தப் பத்துக் குதிரைக்கு விலை, உயர்ந்த ஆக்டேன் எரிபொருள். தரம் குறைந்ததை ஊற்றினால் கலவை நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும்.

மூன்றாவது வழி, காற்றை வலிந்து ஊட்டுவது. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகங்கள் உருவாக்கிய ஹன்சா-3 பயிற்சி விமானத்தில் இருப்பது ரோட்டாக்ஸ் 914. டர்போ இல்லாத அதன் மூத்த வடிவம் 1,211 கனசெண்டிமீட்டரில் 80 குதிரைத்திறன் தந்தது. வெளியேறும் புகையின் விசையாலேயே காற்றை அழுத்தி ஊட்டும் இது, அதே கொள்ளளவில் 115 தருகிறது. அந்த 115 ஐந்து நிமிடங்களுக்கு மட்டுமே. பிறகு 100க்கு இறங்கிவிட வேண்டும்.

தந்தை அங்கே நிறுத்தினார். "பாப்பா, இறக்க மறந்துட்டா?"

"செவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும்பா."

சற்று நேரம் அவர் பேசவில்லை. "நான் ஏத்திக் குடுத்த வண்டிக்கு அந்த விளக்கு இல்ல" என்றார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரிக்காரர் வற்புறுத்தியதால் டீசல் பம்பைத் திருப்பி, எரிபொருளை மிகுதியாக விட்டிருந்தார். ஊட்டிய எரிபொருளுக்கு ஈடான காற்று இல்லை. முதல் வாரம் வண்டி மலையைப் பறந்து ஏறியது; கரும்புகையை இருவருமே பெருமையாகப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் ஏற்றத்தின் நடுவே பிஸ்டன் உருகிப் போயிற்று. ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி நடந்து வந்தார். அந்த எஞ்சினுக்கான பணத்தை ஓராண்டு காலம் தவணையாகக் கட்டித் தீர்த்ததை மகள் அன்றுதான் அறிந்தாள். பள்ளிக் கட்டணம் தாமதமான ஆண்டு எது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"ரோட்டுல கல் வைக்க எடம் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து விளக்கை அணைக்கப் போனார்.

2021இல் முதன்முறை பறந்த ஹன்சாவின் புதிய வடிவத்தில் டர்போ இல்லை. மின்னணு முறையில் எரிபொருளை அளந்து தெளிக்கும் எஞ்சினே உள்ளது. ஆற்றல் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு நேரத்துக்கு, எந்த எரிபொருளில், எந்த வெப்பத்தில் என்பவையும் விமானத்துறையில் சான்றிதழின் பகுதிகள். ஒப்புதல் இல்லாமல் ஒரு பிஸ்டனைக்கூட அங்கே மாற்ற முடியாது. பட்டறையில் அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு மெக்கானிக்கின் நினைவு ஒன்றே உண்டு.

மகளின் அறிக்கையில் ஐந்து நிமிட வரம்பு அடிக்குறிப்பாக இருந்தது. திருப்பதிக்குத் திரும்புமுன் அவள் அதை எடுத்து, ஆற்றல் அட்டவணையில் தனி நெடுவரிசையாக்கினாள். மறுநாள் காலை பட்டறைக்கு வந்த ஒருவர், தம் இல்லை, பம்பை ஏற்றிக் கொடுங்கள் என்றார். அவர் பம்பைத் தொடவில்லை. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். அதில் ஒரு கைப்பிடி செம்மண் இருந்தது.