பிரெய்டன் சேற்றில் ஐந்து மணி

சொந்தமாக ஒரு 'யாட்' வாங்கியிருப்பதாக ஊருக்குக் கடிதம் எழுதினோம். நாங்கள் சமஸ்தானாதிபதிகளாகி விட்டதாகவே மாமா நினைத்துக்கொண்டார். உண்மையில் அது 20 அடி நீளமுள்ள பாய்ப் படகு. அதிலும் பாதிதான் எங்களுடையது. மறு பாதி அண்டை வீட்டுக்காரருக்குச் சொந்தம். உள்ளே நிமிர்ந்து உட்காரலாம். நிற்க முயல்கிறவர் தலையைத் தடவிக்கொள்வார்.

இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில் நார்போக் ஜில்லாவிலே 'பிராட்ஸ்' என்னும் ஏரிகளும், அவற்றை இணைக்கும் ஆறுகளும் இருக்கின்றன. படகு செல்லக்கூடிய நீர்வழி சுமார் 125 மைல். இவை இயற்கை ஏரிகள் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அடுப்பெரிப்பதற்காக ஜனங்கள் கரிமண் வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் புகுந்து ஏரிகளாயின என்பதை, 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவர நூல் வல்லாரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தனர். விறகுப் பஞ்சம் எப்பேர்ப்பட்ட அழகை உண்டாக்கியிருக்கிறது, பாருங்கள்!

படகு வாங்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வர்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அடிப்பலகைகளைச் சோதித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். நாங்கள் அவ்விதம் செய்யவில்லை. பாய்மரம் நிற்கும் இடத்துக் கட்டை உளுத்திருந்தது. அதை மாற்றிய செலவில் இன்னொரு கால் படகு வாங்கியிருக்கலாம். இங்கே பாலங்கள் தாழ்ந்தவை. பாலத்துக்குப் பாலம் பாய்மரத்தைச் சாய்த்து நிமிர்த்த வேண்டியிருப்பதால், அந்தக் கட்டைதான் படகுக்கு உயிர்நிலை.

ஆனால் எங்களுக்குப் பாடம் கற்பித்தது பிரெய்டன் நீர்ப்பரப்பு. யார்மவுத் துறைமுகத்துக்கு மேற்கே சுமார் 3 மைல் நீளமுள்ள பரப்பு அது. கடல் பொங்கும்போது சமுத்திரம்போல் தோன்றும். வடிந்துவிட்டாலோ இருபுறமும் சேறு. நடுவே ஒரு கால்வாய்தான் மிஞ்சும். அதன் இரு ஓரங்களையும் சிவப்பு, பச்சைக் கம்பங்கள் காட்டுகின்றன. யார்மவுத்தில் நீரோட்டம் கடுமையானது. வடிந்து ஓய்ந்திருக்கும் சிறிது நேரத்திலேதான் அவ்விடத்தைக் கடப்பது உசிதம்.

அதற்காகக் கணக்குப் பண்ணி ஒரு கோடைநாளில் பர்க் காசிலிலிருந்து புறப்பட்டோம். எதிர்க்காற்று. இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து முன்னேறினோம். "இன்னும் பத்து கஜம் போய்த் திருப்பலாம்" என்று எங்களில் ஒருவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு சொன்னார் (யார் என்று கேட்கக் கூடாது). கம்பத்தைத் தாண்டினோம். படகு மெத்தையில் உட்காருவதுபோல் சப்தமின்றி உட்கார்ந்துவிட்டது.

"அப்பா, நின்றுவிட்டோமா?" என்றாள் குழந்தை.

"தங்கியிருக்கிறோம், அம்மா."

இறங்கித் தள்ளலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அதற்கு முன் நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றிப் பார்த்தோம். ஓர் ஆள் உயரத்துக்கு உள்ளே போயிற்று; இழுத்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதன்பின் ஒருவரும் இறங்குவதைப்பற்றிப் பேசவில்லை. குழந்தையின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறு நுனியைப் பாய்மரத்தில் முடிந்தோம்.

ஜலம் எங்களை விட்டு அகன்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்டவ் பற்றவைக்க முடியாததால், கொண்டு வந்திருந்த தயிர்சாதத்தைச் சாய்ந்தபடியே சாப்பிட்டோம். உள்ளான் கூட்டங்கள் அருகிலே வந்து மேய்ந்தன. வேறு எந்த விதத்திலும் அவற்றை அவ்வளவு சமீபத்தில் பார்த்திருக்க முடியாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

ஐந்து மணி நேரம் கழித்து நீர் திரும்பி வந்து படகைத் தூக்கியது. யார்மவுத்தைக் கடக்கும் வேளை தப்பிவிட்டது. எதிர்த்த காற்றே இப்போது துணையாக, பர்க் காசிலுக்கே திரும்பி இரவைக் கழித்தோம்.

ஊர் வந்து சேர்ந்ததும் அண்டை வீட்டுக்காரர் துறைக்கு வந்தார். படகின் பக்கத்தில் அப்பியிருந்த சேற்றைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாளியும் பிரஷும் கொண்டு வந்து எங்கள் முன் வைத்தார்.