மண்ணும் ஆணையும்

திருகோணமலையில் எங்களுக்கு விதைப்புக் காலம் இளவேனில் அன்று. வாடையோடு வரும் மாரியே. ஆகவே புரட்டாதியிலேயே வளவைக் கொத்தி, மணலோடு மாட்டெருவும் மக்கிய இலைகுழையும் கலந்து, பெருமழையில் வேர் அழுகாதபடி பாத்திகளை உயர்த்திவிடுகிறோம். கத்தரியும் மிளகாயும் நாற்றுமேடையில் முளைவிடுகின்றன.

2022 ஜூனில், உணவும் எரிபொருளும் அருகிய வேளையில், வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்கப்பட்டது. நாங்களும் மண்வெட்டியோடு இறங்கினோம். ஆனால் அது கச்சான் வீசும் கோடை. கிணற்றில் வாளி சேற்றையே அள்ளியது, முளைத்தவை கருகின. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கியதும் இதே அரசுதான். ஆணைக்குப் பணிந்து பயிர் வளர்வதில்லை.

வேலிக்கு அப்பால் வாடகை அறையில் வாழும் மீனவப் பெண் அன்று கேட்டாள்: “நாத்துத் தாறீங்க அக்கா, நான் அதை எங்க நடுறது?”

எங்களிடம் விடையில்லை. அவளுக்கு விடுமுறையும் இல்லை. ஒரு சாண் நிலமும் இல்லை. பட்டினியை வெல்லும் வழியென்று நாங்கள் பேசிய தோட்டம், வளவுள்ளவர்களின் தோட்டம் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தப் புரட்டாதியில் வேலியில் ஒரு கண்டாயம் திறந்தோம். இரண்டு பாத்திகள் அவளுடையவை, கிணறு பொது. இது ஈகையன்று, நிலப் பிரச்சினைக்குத் தீர்வுமன்று. எனினும் முதல் மழைக்கு முன் அவள் கையாலும் வெண்டி விதை ஊன்றப்பட்டுவிட்டது.