பயத்துக்கு என்ன சம்பளம்?

1953ல் வந்த கறுப்பு வெள்ளை பிரெஞ்சுப் படம் 'வேஜஸ் ஆஃப் ஃபியர்'. இயக்கியவர் ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோ. கேன்ஸ், பெர்லின் இரண்டிலும் பெரிய பரிசு வாங்கிய படம். கதை இவ்வளவுதான்: தென் அமெரிக்காவில் ஒரு எண்ணெய்க் கிணறு பற்றி எரிகிறது. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். லேசாகக் குலுங்கினாலே வெடித்துவிடும் சரக்கு. இரண்டு லாரி, நாலு டிரைவர். போய்ச் சேர்ந்தால் ஆளுக்கு 2000 டாலர்.

மல்லாங்கிணறு பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமான காட்சி ஒன்று இதில் உண்டு. பாதையை மறித்து ஒரு பாறை கிடக்கும். பிம்பா என்கிற டிரைவர் அதில் குழி போட்டு, லாரியில் இருக்கிற மருந்தையே கொஞ்சம் ஊற்றித் தகர்ப்பார். காரியாபட்டி வட்டாரக் கல்குவாரிகளில் நடப்பதும் இதே வேலைதான், மருந்துதான் வேறு. இப்போதைய மருந்து சும்மா குலுங்கினால் வெடிக்காது. அதை வெடிக்க வைக்க டெட்டனேட்டர் வேண்டும். அதனால் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பது விதி. அப்படியும் 2024 மே 1 அன்று, ஆவியூர் பக்கத்துக் குவாரி ஒன்றில் வெடிபொருளை வண்டியிலிருந்து இறக்கும்போது வெடித்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதுவும் தொழிலாளர் தினத்தில்!

ரிஸ்க் கூடினால் கூலியும் கூடும் என்கிறது காமர்ஸ் பாடப்புத்தகம். 2000 டாலரைப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும். ஆனால் கம்பெனி அதிகாரி ஏன் சொந்த ஆட்களை அனுப்பவில்லை? அவர்களுக்கு யூனியன் இருக்கிறது. வேலையில்லாமல் சுற்றும் இந்த நாலு பேருக்கு யூனியனும் இல்லை, குடும்பமும் இல்லை. செத்தால் நஷ்டஈடு கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஆக அந்த 2000 டாலர் ஆபத்தின் விலையே இல்லை. கேட்க நாதியில்லை என்பதற்கான தள்ளுபடி போக மிச்சம்!

நாலு பேரில் லூயிஜிக்கு நுரையீரல் முழுக்க சிமெண்ட் தூசி. டாக்டர் எச்சரித்த பிறகுதான் லாரி ஏற வருகிறார். கிரஷர் தூசியில் நிற்பவர்களுக்கு இவரை அறிமுகம் செய்யவே தேவையில்லை. மானாவாரி பூமியில் மழை பொய்த்தால் குவாரி, பட்டாசு, லாரி என்று கிளம்ப வேண்டியதுதானே?

கடைசியில் மரியோவுக்கு, செத்துப்போன ஜோவின் பங்கும் சேர்த்து 4000 டாலர் கிடைக்கிறது. திரும்பும்போது லாரி காலி. அப்புறம் என்ன ஆனது என்று இங்கே சொன்னால் திட்டுவீர்கள். முதல் ஒரு மணி நேரம் ஊர்ந்துதான் போகும், பொறுமையாகப் பாருங்கள்.