பணிந்து நின்ற பாண்டியன்

குற்றாலச் சாரலில் நீராடிக் குற்றாலநாதரைத் தொழுத அன்பர்கள் தென்காசி உலகம்மன் உடனுறை காசி விசுவநாதரையும் தரிசித்த பின்பே ஊர் திரும்புவது வழக்கம். கோபுர வாசலை நெருங்குகையில் மேற்கு மலைக்காற்று எதிர்நின்று மோதும். வாசலைக் கடந்ததும் அதே காற்று முதுகுப்புறமாக வந்து உள்ளே தள்ளும். தள்ளாத வயதினருக்கு அது கைத்தாங்கல் போலவே இருக்கும்.

மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபில் வந்தவன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். வடகாசி செல்ல இயலாத எளியோருக்குத் தென்னாட்டிலேயே ஒரு காசி வேண்டுமென்று எண்ணினான். இறைவன் கனவில் தோன்றி, எறும்புச் சாரை செல்லும் வழியே சென்றால் சிற்றாற்றங்கரையில் தன்னைக் காணலாம் என்று உணர்த்தியதாகத் தலபுராணம் கூறும். 1446-ஆம் ஆண்டில் திருப்பணி தொடங்கியது. ஒற்றைக் கல்லில் வீரபத்திரரும் தாண்டவ மூர்த்தியும் மன்மதனும் ரதியும் உயிர்பெற்று நிற்கும் திருவோலக்க மண்டபம் ஒன்றே அக்காலச் சிற்பியரின் கைவண்ணத்துக்குச் சான்று. அதைக் காண அரைநாளேனும் வேண்டும். பெரும்பாலோர் அரைநாழிகையில் கடந்துவிடுகின்றனர்.

கோபுரம் முற்றுப்பெறுமுன்னரே, 1463-இல் மன்னன் சிவனடி சேர்ந்தான். எஞ்சிய பணியைத் தம்பி குலசேகர பாண்டியன் நிறைவேற்றினான். பின்வந்த அதிவீரராம பாண்டியன் காசியின் பெருமையைக் ‘காசி காண்டம்’ என்று தமிழில் பாடியதும் இம்மரபின் தொடர்ச்சியே.

பராக்கிரமன் கல்லில் பொறித்த பாடல்களில் ஒன்று கற்போர் கண்களைக் கசியச் செய்வது. இந்த ஆலயத்தில் பிற்காலத்தில் ஒரு குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் எவராயினும் அவர் பாதத்தில் இப்போதே பலரறிய விழுந்து வணங்குவதாக அவன் அதில் கூறுகிறான். முடிசூடிய வேந்தன், இன்னும் பிறவாத எவரோ ஒருவரின் கால்களில் விழுகிறான்! தன் புகழைப் பொறிப்பதே கல்வெட்டு என்றிருந்த உலகில் இப்படியும் ஒன்று.

அவன் அஞ்சிய குறை நேர்ந்தே விட்டது. கோபுரத்தின் மேல்நிலைகள் சரிந்து, பல தலைமுறைகளாக அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அடியார்கள் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்செறிந்து சென்றனர். பின்னர்த் திருப்பணிக் குழுவின் தலைமையை சிவந்தி ஆதித்தன் ஏற்க, அன்பர்கள் பொருளுதவியுடன் ஒன்பது நிலைகளும் மீண்டும் எழுந்தன. 1990-இல் கும்பாபிஷேகம் கண்ட கோபுரத்தின் உயரம் 178 அடி. மொட்டைக் கோபுரத்தைச் சிறுவயதில் கண்டவர்கள் தென்காசியில் இன்றும் இருக்கின்றனர். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் முதலில் காட்டுவது கோபுர உச்சியின் கலசங்களைத்தான்.