கல் எடுத்த வெற்றிடம்

நெதர்லாந்தின் தென்கோடியில், மாஸ்ட்ரிக்ட் நகரை ஒட்டி சின்ட் பீட்டர்ஸ்பெர்க் என்றொரு சுண்ணாம்புக்கல் குன்று இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்தில் இங்கே கடல் அலையடித்தது. நிலவியலாளர்கள் அந்தக் காலத்துக்கே இந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கல் மிகவும் மிருது, ரம்பத்தால் அறுக்கலாம். நூற்றாண்டுக் கணக்கில் அறுத்தெடுத்து வீடுகளும் தேவாலயங்களும் கட்டினார்கள். குன்றுக்குள் மிஞ்சியவை தூண்களும் இருண்ட சுரங்கப் பாதைகளும்.

வழிகாட்டி விளக்கோடு கூட்டிப்போகும் பகுதியில் நானும் நடந்திருக்கிறேன். வெளியே பனியோ வெயிலோ, உள்ளே ஆண்டு முழுக்க 10 டிகிரியை ஒட்டிய ஈரக் குளிர். இரண்டாம் உலகப் போரில் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தைச் சுருட்டி இந்தக் குன்றுக்குள்தான் ஒளித்துவைத்தார்கள்.

வௌவால்களுக்கு வேண்டியதும் அந்த மாறாத குளிர்தான். பனிக்காலத்தில் பூச்சி கிடைக்காது. ஆகவே உடல் சூட்டைச் சுவரின் சூட்டளவுக்கு இறக்கிக்கொண்டு மாதக்கணக்கில் தொங்குகின்றன. பல இனங்களுக்குப் பத்து கிராம் எடைகூட இருக்காது. இலையுதிர் காலத்தில் தின்று சேர்த்த கொழுப்புதான் வசந்தம் வரைக்கும் கைமுதல். அதிலும் பெரும்பகுதி, இடையிடையே விழித்து உடம்பைச் சூடேற்றும் சில மணி நேரங்களிலேயே கரைந்துவிடும். நம் பேச்சும் வெளிச்சமும் அவற்றைக் கூடுதலாகச் சில தடவை எழுப்பிவிட்டால், பனி விலகும் முன்பே கொழுப்பு தீர்ந்துபோகும். பெண் வௌவால் இலையுதிர் காலத்தில் இணைந்து, விந்தை உடலுக்குள் காத்துவைத்து, வசந்தத்தில்தான் கருத்தரிக்கிறது. இடையில் அது செத்தால் பிறக்கவேண்டிய குட்டியும் போயிற்று. இந்த வட்டாரத்தில் சுரங்க வாய்களுக்குக் கம்பிக் கதவு போடுவது இதனால்தான். வௌவால் நுழையலாம், ஆள் நுழைய முடியாது.

மேலே சரிவுகளில் ஆடு மேயவிட்டுப் புதர் மண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆர்க்கிட் பூக்கும் புல்வெளி அப்படித்தான் பிழைத்திருக்கிறது.

கல்லறுத்தவர்கள் கூரையையும் தூணையும் விட்டுவைத்தார்கள். 1926இல் வந்த சிமென்ட் ஆலையோ குன்றை மேலிருந்தே வெட்டி, பழைய சுரங்கப் பாதைகளில் பெரும்பகுதியை விழுங்கியது. 2018இல்தான் வெட்டுவது நின்றது. இன்று அந்தப் பள்ளத்தின் பாறை முகத்தில் பெரிய கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. அதில் எனக்கு நிஜமான மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் போன பாதைகளுக்கு அது ஈடாகாது. மிஞ்சியவற்றில் இன்னும் இரண்டைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாமே என்று யாராவது கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன்.